கீபோர்டைப் பரணில் போடலாமா?

போன முறை இந்தப் பலகையில் மரம் வளர்ப்போம் என்று எழுதினேன். இந்த முறை எழுதப்போவது எங்கள் வீட்டில் நடக்கிற ஒரு வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் சித்தப்பா கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். புதுசு வாங்கியபோது தன் பழைய கேசியோவை எனக்குக் கொடுத்துவிட்டார். பியானோவுக்கு 88 கட்டை, இதற்கு 61. அதிலும் மேலே கடைசிக் கட்டை பேசாது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட வேண்டும், பத்தாம் வகுப்பு முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது அம்மாவின் முடிவு. அரையாண்டில் கணக்கில் எனக்கு 54 மார்க். காலாண்டில் 58. அந்த நாலு மார்க்கைக் கீபோர்டுதான் தின்றுவிட்டதாம்.

நான் கற்றுக்கொள்வது ஜாஸ். சித்தப்பா முதன்முதலில் செல்போனில் போட்டுக் காட்டியபோது மாடிப்படியில் யாரோ கோலிக்குண்டைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. நாலைந்து தடவை கேட்டபிறகுதான் உள்ளே ஒரு பாட்டு ஓடுவது தெரிந்தது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம், சுமார் 1900-ஐ ஒட்டிய வருடங்களில் வளர்ந்த இசை இது. முதலில் தெரிந்த பாட்டை வாசிப்பார்கள். பிறகு அந்தப் பாட்டின் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நிமிஷத்தில் மனசுக்குத் தோன்றுவதை வாசிப்பார்கள். நாளைக்கு அதே பாட்டு வேறு மாதிரி வரும்.

"அப்போ தோணுறதை வாசிக்கிறதுக்கு எதுக்குடி தினமும் பழகணும்?" என்று அம்மா மடக்கினார்கள். நல்ல கேள்விதான். அதற்கான பதில் எங்கள் வாசலில் கிடைத்தது. என் அப்பாயி தினமும் விடியற்காலையில் கோலம் போடும். நோட்டுப் பார்க்காது. புள்ளி வைத்துவிட்டு, கை போகிற போக்கில் இழுக்கும். நேற்றுப் போட்டது இன்றைக்கு வராது, ஆனால் ஒரு புள்ளிகூடத் தப்பாது. நான் மார்கழியில் மட்டும் போடுகிறவள். அதே புள்ளியை வைத்துக்கொண்டு பாதியில் திருதிருவென்று முழிப்பேன்.

ஜாஸிலும் புள்ளி உண்டு. நான் பழகுவது ப்ளூஸ் என்கிற பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு நாலு தட்டு. இடது கையில் முதல் நாலு கட்டம் சி, அடுத்த இரண்டு எஃப், மறுபடி இரண்டு சி, பிறகு ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசி இரண்டும் சி. இது மாறாது. வலது கைதான் கோலம். இரண்டு சுரம் அடுத்தடுத்து வந்தால் முதலாவது நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் விழ வேண்டும், நொண்டி விளையாடும்போது கால் விழுகிற மாதிரி. இதெல்லாம் யோசித்து யோசித்து வாசித்தால் வராது. நாம் யோசிப்பதற்குள் கட்டம் தாண்டிவிடும். இடது கை தானாகப் போனால்தான் வலது கைக்கு ஏதாவது தோன்றும்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் ஒரு வருஷம் நான் பழகவே இல்லை. ஒரே ஒரு சினிமாப் பாட்டைத் தினமும் மூன்று தடவை வாசித்துவிட்டு, பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளி வந்தால் அதையே வாசிப்பேன், எல்லோரும் கை தட்டுவார்கள். சித்தப்பா மட்டும் தட்டவில்லை. "தெரிஞ்சதையே எத்தனை தரம் வாசிப்ப பாப்பா? தடுமாறுற இடத்தை வாசி" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அரைமணி நேரத்தில் பாதியைத் தடுமாறுகிற இரண்டே கட்டத்துக்குக் கொடுக்கிறேன், நிமிஷத்துக்கு 60 தட்டு என்று மெதுவாக வைத்துக்கொண்டு. கேட்பவர்களுக்குக் கொடுமையாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை, "ரேடியோ கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்கள். அதிலிருந்து ஹெட்போன் மாட்டிக்கொள்கிறேன்.

ஆஸ்கார் பீட்டர்சன் என்று ஒரு பெரிய ஜாஸ் பியானோ கலைஞர். 1925-ல் கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் பிறந்தவர். அவர் அப்பா ரயிலில் பயணிகளுக்கு வேலை செய்கிற போர்ட்டர். ரயிலோடு ஊருக்குப் போகும் முன் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார், திரும்பி வந்ததும் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்வார். பீட்டர்சனுக்கு ஏழு வயதில் காசநோய் வந்தது. அதோடு அவர் டிரம்பெட் ஊதுவது நின்று பியானோவே கதியானது. வீட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது டெய்சி என்ற அக்கா. பிற்காலத்தில் 1993-ல் பக்கவாதம் வந்து இடது கை பலவீனமானபோதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி மறுபடி மேடை ஏறினார். 2007-ல் காலமானார். அந்த அப்பா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வேலைக்காக வீட்டைவிட்டுப் போனாரே தவிர, பழக்கம் நிற்க விடவில்லை.

நான் பீட்டர்சன் ஆகப் போவதில்லை. கரண்ட் போனால் ஆறு பெரிய பேட்டரி போட வேண்டும், அதற்கே அப்பாவிடம் நாலு நாள் கெஞ்ச வேண்டும். ஆனால் ஒரு வருஷம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் டைபாய்டு வந்து மூன்று வாரம் தொடவில்லை. திரும்ப உட்கார்ந்தபோது எஃப்-க்கு மாறுகிற இடத்தில் விரல் வழி மறந்து நின்றது. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆனது. மூன்று வாரத்துக்கு அது என்றால் ஒரு வருஷத்துக்கு?

அந்த நாலு மார்க்குக்கு வருகிறேன். அவை எங்கே போயின என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ராத்திரி எட்டரைக்கு வருகிற தொடரில் போயின. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள் என்பதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன். பத்தாம் வகுப்பு முழுக்க நான் தொடரை விட்டுவிடுகிறேன். அந்த அரைமணி நேரத்தைக் கீபோர்டுக்குத் தாருங்கள், கணக்குக்குரிய நேரத்தில் ஒரு நிமிஷம்கூட எடுக்கமாட்டேன். முதல் இடைத்தேர்வில் 58-க்குக் கீழே வந்தால் நானே ஏணி போட்டுப் பரணில் வைக்கிறேன். இங்கே நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறேன், மாற்றிப் பேச முடியாது.

வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவார்கள். தமிழ் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: அதுவரை இந்தத் தாளை எடுத்துவிடாதீர்கள். முடிந்தால் கொஞ்சம் கீழே இறக்கி ஒட்டுங்கள், அம்மா குள்ளம்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி