ஒரே கதவில் நுழையும் சர்க்கரையும் உப்பும்

வெள்ளைச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குடலில் இரண்டும் பிரிந்து தத்தம் வழியில் போகின்றன. குளுக்கோஸ் உடலின் எல்லாச் செல்களுக்கும் எரிபொருள். ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலுமே கையாள வேண்டியிருக்கிறது. குளுக்கோஸைச் சிதைக்கும்போது, போதுமான அளவு வந்ததும் வேகத்தைக் குறைக்கும் தடுப்பு ஒன்று செல்லுக்குள் உண்டு. ஃபிரக்டோஸின் பாதையில் அந்தத் தடுப்பு இல்லை. வந்தது அத்தனையும் உள்ளே இழுக்கப்பட்டு, தேவைக்கு மிஞ்சியது கொழுப்பாகிறது. இதயத்துக்கான ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

கல்லீரலில் உருவாகும் இந்தக் கொழுப்பு டிரைகிளிசரைடாக ரத்தத்தில் இறங்குகிறது. அது கூடக் கூட, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லின் துகள்கள் சிறுத்து அடர்ந்து, ரத்தக்குழாயின் சுவருக்குள் எளிதாகப் புகுகின்றன. இந்தியர்களிடம் அடிக்கடி காணப்படும் சேர்க்கை இது. மொத்தக் கொலஸ்ட்ரால் பெரிதாக இருக்காது. ஆனாலும் மாரடைப்பு வரும். எண்ணெயைக் குறைத்து, முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கியவருக்கும் டிரைகிளிசரைடு இறங்கவில்லை என்றால், டீ டம்ளரையும் சோற்றுத் தட்டையும் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்க்கும் பழக்கம் மருத்துவ உலகுக்கே தாமதமாகத்தான் வந்தது. 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர்களுக்குப் பணம் கொடுத்து ஓர் ஆய்வுத் தொகுப்பை எழுத வைத்தது. 1967இல் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அக்கட்டுரை, இதய நோய்க்குக் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் குற்றவாளியாக்கி, சர்க்கரை பற்றிய சான்றுகளை ஒதுக்கியது. பணம் யாருடையது என்பது அதில் குறிப்பிடப்படவில்லை. அப்படிக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் அன்று இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பழைய கடிதங்களைத் தேடியெடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. சர்க்கரையின் ஆபத்தை விளக்கி 1972இல் புத்தகம் எழுதிய லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின், அதற்குள் பரிகாசத்தோடு ஓரங்கட்டப்பட்டு இறந்தும் போயிருந்தார். பொதுச் சுகாதாரத்தின் வரலாற்றில் இது ஒரு பெரும் அநியாயம்.

இன்று சான்றுகள் வலுத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அன்றாடக் கலோரியில் 17 முதல் 21 சதவீதம்வரை சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து பெற்றவர்கள், 8 சதவீதம் பெற்றவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு 38 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் இது மக்களைக் கவனித்துக் கணக்கிட்ட ஆய்வு. சர்க்கரை அதிகம் உண்பவரின் மற்றப் பழக்கங்களும் இதில் கலந்திருக்கக்கூடும்.

இந்தக் குறைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. அடுத்த சிறிது காலத்திலேயே மக்கள் உண்ட சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமாக, ஏறக்குறைய இரட்டிப்பானது. பங்கீடு முடிவதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களின் உடல்நிலையைப் பிற்காலத்தில் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளியானது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு நீரிழிவு ஆபத்து சுமார் 35 சதவீதமும், உயர் ரத்த அழுத்தத்தின் ஆபத்து சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தன. குழந்தை எந்த மாதத்தில் பிறந்தது என்பதை அதன் பழக்கவழக்கம் தீர்மானிப்பதில்லை. அதனால்தான் இந்த ஒப்பீடு நம்பிக்கைக்குரியது. நீரிழிவும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் இரண்டு காரணங்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்துக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. ஆரோக்கியமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. இந்த மீட்பு வேலையின் பெரும்பகுதி எஸ்ஜிஎல்டி-2 என்ற புரதத்துடையது. அது குளுக்கோஸைத் தனியே உள்ளே விடாது. ஒவ்வொரு குளுக்கோஸோடும் சோடியம் ஒன்றையும் அழைத்துக்கொள்ளும். நீரிழிவில் ரத்தச் சர்க்கரை நீண்ட காலம் ஏறி நின்றால், மீட்கப்படும் சர்க்கரையோடு உப்பும் கூடுகிறது. சிறுநீரகக் குழாயில் மேற்கொண்டு செல்லும் உப்பு குறைகிறது. அங்கே உப்பை அளந்துகொண்டிருக்கும் செல்கள், வடிகட்டல் போதவில்லை என்று தவறாகப் புரிந்துகொண்டு, வடிகட்டிக்கு வரும் ரத்த நாளத்தை விரியச் செய்கின்றன. அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் இந்தக் கட்டத்தில் அளவுக்கு மீறி வேலை செய்வதால், சாதாரணப் பரிசோதனையில் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வடிகட்டிகள் தழும்பாகி, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும்.

ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தை உயர்த்துவதும் உண்மையே. ஆனால் யூரிக் அமிலத்தை மருந்தால் குறைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் இரண்டு பெரிய சோதனைகளில் சிறுநீரகத்தின் சரிவு மெதுவாகவில்லை. எனவே பழியை முழுதாக அதன்மேல் போட முடியாது.

சிறுநீரகம் சேர்த்துவைத்த உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்ற, அது இதயத்தைத் தடிக்கச் செய்கிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது. ஒருவரே இதயத்துக்கு ஒரு மருத்துவர், கிட்னிக்கு ஒரு மருத்துவர், சுகருக்கு ஒரு மருத்துவர் என்று மூன்று ஃபைல்களோடு அலைகிறார். ஆனால் நோய் ஒன்றுதான். அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் மூன்றையும் இணைத்து ஒரே நோய்த்தொகுதியாக அறிவித்தது இதனால்தான். எஸ்ஜிஎல்டி-2 கதவை அடைக்கும் மாத்திரைகள் இந்த உறவுக்கு நேரடிச் சாட்சி. இதய நோயும் நீரிழிவும் உள்ளவர்களிடம் எம்பாகிளிஃப்ளோசின் இதய, ரத்தக்குழாய் நோய் இறப்புகளை 38 சதவீதம் குறைத்தது 2015இல் தெரிந்தது. டபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காப்பது 2020இல் உறுதியானது. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இந்தியாவில் இரண்டும் இப்போது குறைந்த விலையில் கிடைக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த வரம்பு, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. 300 மில்லி கோலா பானம் ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நான்கு டீ குடித்தால் 40 கிராம் ஆகிவிடும். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும். கடித்துத் தின்னும் முழுப் பழம் சேராது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ்தான். சிறுநீரகம் பழுதானவருக்கு வெல்லத்திலுள்ள பொட்டாசியம் கூடுதல் தொல்லை. ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பி இவற்றைத் தாராளமாகச் சேர்ப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சர்க்கரையை மட்டும் குறைத்து, மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் மைதாவும் உண்டால் பலன் சிறிதே. உணவில் கவனம் மட்டும் போதாது, பரிசோதனையும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கு அது உண்டு. இவர்களுள் மிகப் பலர் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழப் பாதி போகும்வரை அந்த எண் பெரிதாக அசையாது. அல்புமின் கசிவோ பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் தெரிந்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட நாளிலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் அதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வருகின்றன. வருடத்துக்கொரு முறை சிறுநீர் அல்புமின் பரிசோதனையும் அந்த வாசலுக்கே வர வேண்டும். கசிவு இருக்கிறது என்று அப்போதே தெரிந்தால் மருந்தாலும் உணவாலும் அதைக் குறைக்க முடியும்.