பழைய பாலங்களுக்கும் ஜீர்ணோத்தாரணம் வேண்டும்

பிச்சாட்டூர் வட்டாரத்தார் ரயிலேறச் செல்லும் புத்தூர் நிலையம், 1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு சேர்ந்து சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் பிணைத்த மதராஸ் ரயில்வேயின் பழம்பெரும் பாதையில் அமைந்தது. பாதையின் விருத்தாந்தத்தையே மறந்துவிட்ட நாம், இத்தகைய பாதைகளைத் தாங்கும் பாலங்களைப் பற்றிக் கவலைப்படாததில் ஆச்சரியமில்லை. ஆனால், பழையது என்ற ஒரே காரணத்தால் ஒரு பாலத்தை இடித்துத் தள்ளுவதே அபிவிருத்தி என்று எண்ணுவது எவ்வளவு பிசகு என்பதற்கு, செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக்கு அப்பால், கழுத்துருட்டியில் நிற்கும் பதிமூன்று கண் பாலமே பிரத்தியட்ச சாட்சி.

செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், அதனைக் கொல்லத்தோடு இணைத்து 1904இல் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதையின் அங்கம் அது. விக்டோரியா மகாராணியார் காலமாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தபோதிலும், அதன் நிர்மாணத்தில் விளங்குவது அவர் காலத்துப் பாணியே. மலைச்சரிவை ஒட்டி, கீழே சாலையும் ஆறும் செல்ல, கருங்கல் தூண்களின்மேல் பதிமூன்று வளைவுகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்ற எளிய உண்மையே அந்தச் சிற்பத்தின் ஆதாரம். வண்டியின் பாரம் ஏற ஏற, கல் கல்லை நெருக்க, அப்பாரம் வளைவின் வழியே இருபுறமும் இறங்கித் தூண்களைச் சேர்ந்து நிலத்தில் அடங்கிவிடுகிறது.

அகலப்பாதை வேலைக்காக 2010இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, பாலத்தை இடிக்காமல் பொறியாளர்கள் அதனை வலுப்படுத்தினார்கள். 2018இல் அகலப்பாதை வண்டிகள் அதன்மேல் ஓடத் தொடங்கின. இங்கிலாந்திலும் இதுவே அனுபவம். இருபத்துநான்கு வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைச் செப்பனிடப் பெரும்பொருள் செலவாகும் என்று காரணம் காட்டி, 1980களில் அதன்மேல் செல்லும் ரயில் தடத்தையே மூட முனைந்தார்கள். பரீட்சார்த்தமாகப் பழுது பார்த்தபின் செலவு அவ்வளவு ஆகாது என்று தெரியவரவே, ஜனங்களின் கிளர்ச்சியும் சேர்ந்து, 1989இல் அத்தடம் பிழைத்தது.

இன்றைய எஞ்சின்களின் பாரமும் வேகமும் அன்று நினைத்தும் பாராதவை. பிரயாணிகளின் உயிரைவிடப் பழமை பெரிதன்று. இதனை மறுப்பார் யாருமில்லை. எனினும், கோபுரத்தில் செடி முளைத்தால் நாம் கோபுரத்தை இடிப்பதில்லை. செடியைக் களைந்து, காரை பூசி, குடமுழுக்குச் செய்கிறோம். அந்தச் சிரத்தையில் ஒரு பங்காவது பாலங்களுக்கும் உரியது.

ஆகவே, நூறாண்டு கடந்த ரயில் பாலங்கள் எவை, அவற்றின் நிலை யாது என்பதை ரயில்வே நிர்வாகம் பொதுமக்கள் அறியப் பட்டியலிட வேண்டும். எந்தப் பாலத்தையும் இடிக்குமுன், அதனை வலுப்படுத்த இயலுமா என்று சோதித்து, அந்த முடிவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும். கழுத்துருட்டியில் செய்து காட்டிய காரியம் மற்ற இடங்களில் ஆகாது என்று பரிசோதிக்காமலே சொல்ல எவருக்கும் உரிமையில்லை.