வரிசையை ஒப்பித்தால் வேதியியல் வந்துவிடுமா?

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின் மேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும், கரைசலின் நீலம் மங்கி வெளிர்பச்சையாகும். இடப்பெயர்ச்சி வினைக்குப் பள்ளிகளில் காட்டும் வழக்கமான சோதனை இதுதான். சரி, ஆணிக்குப் பதில் அலுமினியத் தகட்டை ஏன் போட்டுக் காட்டுவதில்லை?

வினைபடுதிறன் வரிசையில் இரும்பைவிட மேலே இருப்பது அலுமினியம். திட்ட மின்முனை அழுத்தம் அதற்கு −1.66 வோல்ட், இரும்புக்கு வெறும் −0.44. கணக்குப்படி அலுமினியம்தான் முந்திக்கொண்டு தாமிரத்தை வெளியேற்ற வேண்டும். தகடோ நெடுநேரம் சும்மா கிடக்கும்! "மாற்றமில்லை" என்று மாணவன் உள்ளதை எழுதினால் ரெக்கார்டு நோட்டில் சிவப்புக் கோடு. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் முழு மதிப்பெண். இதற்குப் பெயர் அறிவியல் பாடமா?

தகடு பொய் சொல்லவில்லை. காற்று பட்டதுமே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் உண்டாகிவிடுகிறது. கரைசலில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பைப் போட்டால் போதும், குளோரைடு அயனிகள் படலத்தைத் துளைக்கும். குமிழ்கள் கிளம்பும், முகவை சுடும், தாமிரம் கொத்துக்கொத்தாக உதிரும். (புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதே என்று வீட்டில் சொல்வதும் இந்தப் படலத்தின் கதைதான்.)

வரிசையில் தவறில்லை. வினை நடக்க வாய்ப்பு உண்டா என்று அது சொல்லும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லாது. இதை விளக்கப் பத்து நிமிடமும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். அந்தப் பத்து நிமிடமும் பொட்டாசியம், சோடியம், கால்சியம் என்று ராகம் போட்டு ஒப்பிப்பதிலேயே போய்விடுகிறது.