ஒரே பயணம்... இரண்டு சூரிய உதயம்!

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலவுக்கு நேர்கோட்டில் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு இது ஏழு மணி நேரப் பறப்பு. ஒரு சாப்பாடு, இரண்டு சினிமா, ஒரு குட்டித் தூக்கம், அவ்வளவுதான். ஆனால் 1943-ல் இதே தூரத்தைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் ஆனது. அதுவும் வழியில் எங்கும் இறங்காமல்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. போர்க்காலத்தில் கடிதம் நின்றுபோவது சாதாரண விஷயமா? ராணுவத் தகவல்களும் போக வேண்டும், வீட்டுக் கடிதங்களும் போக வேண்டும். மிச்சமிருந்த ஒரே வழி, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவது.

குவான்டாஸ் நிறுவனம் அதற்குப் பயன்படுத்தியது ஐந்து கேட்டலினா விமானங்களை. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் 'பறக்கும் படகு' ரகம். பெர்த்தில் ஸ்வான் ஆறு, இந்தப் பக்கம் கொக்கல ஏரி, இவைதான் விமான நிலையங்கள். (சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் இந்தக் கொக்கல.)

வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் வேண்டுமே? சுமார் 9,000 லிட்டரை ஏற்றினார்கள். எடை கூடிவிடும் என்பதால் தேவையில்லாததையெல்லாம் கழற்றினார்கள். கடைசியில் மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே போக முடிந்தது. கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் இரண்டு இன்ஜின்களில் ஒன்று நின்றாலும், அந்தக் கனத்தோடு விமானம் தாக்குப்பிடிக்காது. கீழே கடலைத் தவிர வேறெதுவும் கிடையாது.

விமானத்தில் துப்பாக்கி இல்லை. எதிரி ஒட்டுக்கேட்டுவிடுவான் என்பதால் ரேடியோவில் வாய் திறக்கவும் கூடாது. ஜப்பானியர் நடமாடும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்புவார்கள். வழிகாட்ட நட்சத்திரங்கள்தான். பொருத்தமாகவே அந்த ஐந்து விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்கள்!

ஒரு நாளுக்கும் மேலாகப் பறந்ததால், ஒரே பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு தடவை பார்க்கலாம். பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் தந்தார்கள். உயிரைப் பணயம் வைத்த பயணத்திலும் ஒரு குறும்பு.

1945 வரை 271 முறை கடலைக் கடந்தன. ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. ஆனால் போர் முடிந்ததும், இரவல் ஒப்பந்த நிபந்தனைப்படி அந்த ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ஒன்றையாவது கண்காட்சிக்கு வைத்திருக்கலாம்!

இதற்கிடையே, 1944-ல் லிபரேட்டர் விமானங்கள் வந்து பெர்த் - இலங்கைப் பயணத்தைச் சுமார் 17 மணி நேரமாகக் குறைத்தன. 2018 மார்ச்சில் அதே குவான்டாஸ், பெர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் விட்டது. தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். பயண நேரம்? அதே 17 மணி சொச்சம்!