தூதருக்கு மன்னிப்பு, தொழிலாளிக்கு?

பல இனங்களும் பல கலைகளும் கூடி வாழும் பூங்காவனம் எங்கள் நாடு என்று அமெரிக்க ராஜதந்திரிகள் 1950-களில் தேசம் தேசமாக முழங்கினார்கள். அதற்குச் சாட்சியாக 1956-ல் அந்நாட்டு வெளிநாட்டு இலாகா, கறுப்பினக் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவை அயல்நாடுகளுக்கு அனுப்பியது.

நாம் கேட்கிறோம்: வீட்டுக்குள் நடந்தது என்ன?

1955 ஆகஸ்டில் ஹூஸ்டன் விமான நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தார் இந்தியத் தூதர் ஜி. எல். மேத்தா. வெள்ளையர் பகுதியிலிருந்து எழுப்பி, அவரை வேறு அறைக்கு அனுப்பினார்கள். சேதி பரவியதும் வெளிநாட்டு மந்திரி டல்லஸ் மன்னிப்புக் கேட்டார். தூதருக்கு மன்னிப்பு கிடைத்தது. அதே மேஜையிலிருந்து அன்றாடம் விரட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்டது யார்?

1957-ல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் சிப்பாய்களை நிறுத்தினார். கொதித்தெழுந்த இசைமேதை லூயி ஆம்ஸ்ட்ராங், அரசாங்கத்தின் சார்பில் சோவியத் நாட்டுக்குப் போக மறுத்தார். வேஷம் அம்பலமாயிற்று!

மாற்றம் வந்தது தூதர்களின் நாவன்மையாலா? இல்லை. மாண்ட்கமரியில் வீட்டுவேலைப் பெண்களும் கூலிக்காரர்களும் 381 நாட்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து நடந்தார்கள். இத்தகைய போராட்டங்களின் நிர்ப்பந்தத்தால்தான் ஓட்டல்களில் நிறபேதத்தைத் தடைசெய்யும் சட்டம் 1964-ல் வந்தது.

தோழர்களே! எந்த நாட்டுத் தூதரானாலும் சரி, பன்முகப் பண்பாடு என்று பேசினால் நாம் கேட்போம்: உங்கள் ஊர்ப் பந்தியில் உட்காருகிறவன் யார்? எச்சில் இலை எடுக்கிறவன் யார்? பாட்டைப் புகழ்ந்துகொண்டே பாடுகிறவனை ஒதுக்கிவைப்பது பண்பாடல்ல, பித்தலாட்டம்!