இரும்புக் கைக்கு எசமானன் யார்?

வந்துவிட்டது என்கிறார்கள்! எது வந்துவிட்டது? புயலா, பஞ்சமா, கொள்ளை நோயா? இல்லை, தோழர்களே, அறிவு வந்துவிட்டதாம். மனிதனுக்கல்ல, இயந்திரத்துக்கு!

செயற்கை நுண்ணறிவு என்று ஏடுகள் எழுதுகின்றன. ஏ.ஐ. என்று இளைஞர்கள் இரண்டே எழுத்தில் செல்லமாக அழைக்கிறார்கள். கீரனூர் கடைவீதியிலே இதைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. மனு எழுத இனி ஆளைத் தேடி அலைய வேண்டாம், போனிடம் வாயால் சொன்னால் அதுவே அழகு தமிழில் எழுதித் தருகிறது என்று மகிழ்கிறான் ஒருவன். கடன் வாங்கி மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தவனோ, அவன் படித்து முடிக்கும்போது வேலை மிஞ்சியிருக்குமா என்று கலங்குகிறான். குளத்தூர் தாலுகா அலுவலகம் இருப்பது இதே கீரனூரில்தான். அதன் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவனுக்கு முன்னவனின் மகிழ்ச்சி எப்படி இனிக்கும்? ஒரே கருவி. ஒருவனுக்கு வரவு, இன்னொருவனுக்குச் செலவு!

இயந்திரத்தைக் கண்டு அஞ்சும் கூட்டமல்ல நாம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும் என்று 'இனிவரும் உலகம்' நூலிலே 1940களிலேயே சொன்னவர் பெரியார். அன்று நகைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அந்தச் சாதனத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறார்கள்! அந்த நூலிலே அவர் கண்ட கனவு கருவியோடு முடியவில்லை. உடலை வருத்தும் உழைப்பு குறையும், மனிதனுக்கு ஓய்வு பெருகும் என்றார். சாதனம் வந்துவிட்டது. ஓய்வு எங்கே?

கும்பகோணத்தைப் பாருங்கள். பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதற்குப் பதிலாக, கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்ற ரோபோவை 2018ஆம் ஆண்டிலேயே அந்த நகராட்சி களத்தில் இறக்கியது. வாழ்க அந்த இயந்திரம் என்று கைதட்டுகிறேன்! மலக்குழியிலே மனிதன் இறங்கக் கூடாது என்று 2013இல் சட்டம் போட்டார்கள். சட்டம் ஏட்டில் இருக்க, மனிதன் குழியில் மடிந்துகொண்டிருந்தான். ஊருக்கு ஊர் அந்த ரோபோ இந்நேரம் வந்திருக்க வேண்டாமா? வங்கிக்கும் அலுவலகத்துக்கும் பாய்ந்து வருகிற இயந்திரம், மலக்குழிக்கு மட்டும் நொண்டி நொண்டி வருவானேன்? அங்கே இறங்குகிறவன் இன்ன சாதிக்காரன், அவனுக்குக் கொடுக்கிற கூலி சொற்பம், அவன் உயிருக்கு விலையே இல்லை என்ற எண்ணம்தான்! கூலி மிச்சமாகும் இடத்துக்கு இயந்திரம் ஓடி வரும், உயிர் மிச்சமாகும் இடத்துக்கு ஊர்ந்து வரும். இது இயந்திரத்தின் குணமல்ல, அதை வாங்குகிறவனின் குணம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையிலே மண்டையூர், மாத்தூர். திருவெறும்பூர் 'பெல்' ஆலையை நம்பி எழுந்த பட்டறைகள் மாத்தூரைச் சுற்றி எத்தனை! அவற்றிலே வெல்டர் வேலை கற்றுக்கொண்டு கடல் கடந்து போனவர்கள் எத்தனை பேர்! பெரிய ஆலைக்கு அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, எந்த ரோபோவும் வருவதற்கு முன்பே, பல பட்டறைகளில் வேலை வற்றியது. பட்ட காலிலே படுவது போல இப்போது தானியங்கி வெல்டிங்.

கொதிகலன் வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நீண்ட, நேரான இணைப்பை இயந்திரம் மனிதனைவிட வேகமாக, கை நடுங்காமல் போட்டுவிடும். அதிலே வாதம் இல்லை. ஆனால் குழாய்கள் நெருங்கி நிற்கும் கொதிகலனுக்குள்ளே, தலையும் நுழையாத இடுக்கிலே ஒரு குழாயின் பின்புறம் ஒழுகுகிறதே, அதை அடைப்பவன் யார்? சிறு கண்ணாடியைப் பின்னால் வைத்து, இடம் வலம் மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே நெருப்பைச் செலுத்துகிறானே, அவன்! எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் பழுது காண முடியாத கைவேலை அது. அந்த வித்தைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

அப்படியானால் கவலை இல்லையே என்பீர்கள். இருக்கிறது! அந்த வித்தைக்காரன் முதல் நாளே கண்ணாடியோடு உள்ளே போனானா? ஆண்டுக்கணக்கில் நேர் இணைப்புப் போட்டுப் போட்டுக் கை பழகியவனல்லவா! எளிய வேலை எல்லாம் இயந்திரத்துக்கு என்றால், புதிதாக வருகிற பையன் எதிலே பழகுவான்? ஏணியின் கீழ்ப்படிகளைக் கழற்றிவிட்டு, மேல்படி அப்படியே இருக்கிறது பார் என்று காட்டினால் போதுமா? மென்பொருள் கம்பெனிகளிலும் இதே கதைதான். 2025 சூலையிலே டி.சி.எஸ். நிறுவனம் 12,000 பேருக்கு மேல் வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. ஏ.ஐ. காரணமல்ல, திறமை பொருந்தவில்லை என்றது நிர்வாகம். வீட்டுக்குப் போனவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலையைப் பறிப்பது ஒரு பக்கம். வேலை செய்பவனை உளவு பார்ப்பது மறுபக்கம். நூறு நாள் வேலைக்குப் போன நம் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். 2021இல் சோதனையாகத் தொடங்கி, 2023 சனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள், செல்போன் செயலி வழியே வருகைப் பதிவை. காலையிலே ஒரு படம், பிற்பகலிலே ஒரு படம். டவர் கிடைக்கவில்லை, படம் ஏறவில்லை என்றால், மண் சுமந்தவள் மண் சுமக்காதவள் ஆகிவிட்டாள்! தெலங்கானாவிலே 'சமக்ர வேதிகா' என்று ஒரு கணினி ஏற்பாடு. யார் ஏழை என்று அது கண்டுபிடித்துச் சொல்லுமாம். அந்த மாநிலத்திலே இப்படிக் கணினியின் சொல் கேட்டு லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை ரத்துச் செய்தார்கள். நேரில் போய் மீண்டும் விசாரியுங்கள் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. கிராம அதிகாரி தவறு செய்தால் வாசலில் நின்று கேட்கலாம். கணினி தவறு செய்தால் எந்த வாசலில் நிற்பது?

மேடையை நம்பி வாழும் உனக்கு அச்சமில்லையா என்று என்னைக் கேட்கும் தோழர்கள் உண்டு. 2024 சனவரியிலே ஒரு நூல் வெளியீட்டு விழாவில், மறைந்த கலைஞர் ஏ.ஐ. உருவிலே வந்து பேசினார். அடுத்த மாதமே அ.தி.மு.க.வினர் செல்வி செயலலிதாவின் குரலை அப்படியே எழுப்பினார்கள். குரலைப் பிடித்துவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். கூட்டத்தில் ஒருவன் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பும் கேள்விக்கு, அந்த இடத்திலேயே மறுமொழி சொல்லி அவனையே கைதட்ட வைப்பதை இன்னும் பிடிக்கவில்லை!

இயந்திரத்தை உடைத்துவிடலாமா? இங்கிலாந்திலே 1811இல் தொடங்கி நெசவாளிகள் உடைத்துப் பார்த்தார்கள். மறு ஆண்டே, தறியை உடைத்தவனுக்குத் தூக்கு என்று சட்டம் செய்தார்கள். பிரபுக்கள் சபையிலே கவிஞர் பைரன் எழுந்து ஏழைகளுக்காக வாதாடியும் பயனில்லை. அமெரிக்காவிலே திரைப்பட எழுத்தாளர்கள் வேறு வழி கண்டார்கள். 2023இல் 148 நாள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஏ.ஐ. எழுதியதை எங்கள் தலையில் கட்டி எங்கள் கூலியைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினார்கள். அவர்கள் கருவியை உடைக்கவில்லை, அது யார் கையில், எந்த நிபந்தனையில் என்பதைத்தான் கேட்டார்கள்.

நம் நாட்டில்? 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையிலே ஆட்குறைப்புச் செய்ய அரசின் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான்! மாத்தூர்ப் பட்டறைகளிலே 300 பேர் உள்ள பட்டறை எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள், விரல்கள் மிஞ்சும்.

ஆனாலும் அதே சட்டத்திலே நமக்குப் பயன்படும் இரண்டு இடங்கள் உண்டு. ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய வகையிலே இயந்திரத்தையோ வேலை முறையையோ மாற்ற நினைக்கும் முதலாளி, 21 நாள் முன்னதாகத் தொழிலாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்த விதி இது, இன்றும் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவன் வேறு தொழில் கற்க, அவனுடைய 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையை, இழப்பீட்டுக்கு மேலாக, முதலாளி நிதியிலே செலுத்த வேண்டும். 45 நாளுக்குள் அது அவன் கணக்குக்கு வர வேண்டும். பதினைந்து நாள் கூலியிலே என்ன தொழில் கற்க முடியும் என்பது வேறு விஷயம்! 21 நாளும் நீண்ட காலமல்ல. ஆனால் சங்கம் கூடவும், எழுதிக் கேட்கவும், புது இயந்திரத்தை இயக்க எங்கள் ஆளையே பழக்குங்கள், மிச்சமாகும் நேரத்திலே எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று பேரம் பேசவும் போதும். அறிவிப்பே இல்லாமல் இயந்திரம் இறங்கினால் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதுங்கள். அந்தப் புகாரை ஏ.ஐ.யிடமே சொல்லி எழுதி வாங்கினாலும் தவறில்லை!

மே நாள் கூட்டத்துக்கு மேடை போடும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைத் திருச்சியிலிருந்து அழைத்து வாருங்கள். இந்த இரண்டு விதிகளையும் தமிழிலே அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுங்கள். அவர் விளக்குவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணியை என் பேச்சு நேரத்திலே கழித்துக்கொள்ளலாம்.