வீட்டுப்பணி: கோப்புக்கு நிழல், துடைப்பத்துக்குப் புகை

2024 நவம்பரில் தில்லியின் காற்று நஞ்சானபோது, ஊழியர்களில் 50 சதவீதத்தினர் வீட்டிலிருந்து பணியாற்றுமாறு தில்லி அரசு ஆணையிட்டது. மருத்துவம், துப்புரவு போன்ற அத்தியாவசியப் பணிகளுக்கு அது பொருந்தாது என்றும் அறிவித்தது. கோப்பு பார்ப்பவருக்கு அடைத்த அறை. தெருவைப் பெருக்குபவருக்கு அதே நச்சுப்புகை! காற்றிலும் வர்க்கப் பிரிவினையா?

வீட்டுப்பணியைத் தொழிலாளி வர்க்கம் எதிர்க்கவில்லை. ஆனால் நேர வரம்பின்றி, கணினி, இணையம், மின்சாரம் ஆகியவற்றின் செலவை ஊழியர் தலையில் சுமத்தினால், போராடிப் பெற்ற 8 மணி நேர வேலைநாள் வீட்டுக்குள்ளேயே களவு போகும். நேர வரம்பும் செலவு ஈடும் சட்டமாக வேண்டும். வெளியில் நின்றே தீர வேண்டியவர்களுக்குப் பணி நிரந்தரம், பாதுகாப்புக் கருவிகள், ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுப்புவதே தொழிற்சங்கங்களின் கடமை.